சயாமுக்குப் போன சின்ன ஐயா

வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டாம் உலகப் போரை எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அந்தப் போரில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பேசவிடாமல் வாயை அடைத்தவன் நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு குற்றம் என்றே எனக்குப் படவில்லை. சென்ற ஆண்டு தாய்லாந்தில், அந்தக் காலத்துச் சயாமில், காஞ்சனபுரிக்குப் போய் வந்த பிறகுதான் உறைத்தது.

அவள் என் அப்பத்தாவின் தங்கை. சின்ன அப்பத்தா என்று கூப்பிடுவோம். 1937இல், கல்யாணமான கையோடு, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து மலேயாவுக்குக் கப்பலேறியவள். ரப்பர் தோட்டத்தில் அவள் புருஷன், எங்கள் சின்ன ஐயா, பால்மரம் சீவினார், இவள் புல் வெட்டினாள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். ரப்பரை வாங்க ஆளில்லாமல் போயிற்று. தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலத்தை ஓட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் கங்காணி தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்து, சயாமில் ரயில் ரோடு போடுகிறார்கள், மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொன்னார். சின்ன ஐயா பெயர் கொடுத்தார். முதலில் ஆசை காட்டிக் கூட்டிப் போனார்கள், அது பலிக்காதபோது மடக்கிப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள் என்று பிற்பாடு படித்தேன். சின்ன ஐயா ஆசையில் போனவர். அந்த வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. அது பட்டினிக் காலத்திலேயே போய்விட்டது.

போனவரிடமிருந்து கடுதாசி வரவில்லை, செத்தார் என்ற செய்தியும் வரவில்லை. 1946இல் நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது அவள் கழுத்தில் கயிறு இருந்தது. தங்கத் தாலியை அரிசிக்கு விற்றுவிட்டிருந்தாள். ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டியிருந்தாள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, இனி வரமாட்டார், அறுத்துவிடு என்றார்கள். "செத்ததை யாரு பாத்தா?" என்று கேட்டாளாம். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கயிறு இற்றுப்போகும் போதெல்லாம் அவளே புதுக் கயிற்றை மஞ்சளில் நனைத்துக் கட்டிக்கொள்வதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் அவளை ஆரத்தி எடுக்கக் கூப்பிடமாட்டார்கள். ஒதுக்கி வைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அவளாகவே மாட்டுக்கொட்டில் பக்கம் போய் நின்றுகொள்வாள். சுமங்கலியா, இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. திதி கொடுக்கவும் நாள் இல்லை.

இதெல்லாம் கண்ணெதிரே நடந்தது. ஆனால் எனக்கு இது வரலாறாகவே தோன்றவில்லை. எங்கள் வீட்டுத் துக்கம், அவ்வளவுதான். போர் என்றால் எனக்கு வேறொன்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் வெள்ளைத் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்த அந்தக் காட்சி. 1943 ஜூலையில் அதே சிங்கப்பூரில் நேதாஜி தில்லிக்குப் புறப்படச் சொன்ன குரல். அவருக்குப் பின்னால் இந்திய தேசிய ராணுவத்தில் திரண்டவர்களில் கணிசமானோர் தோட்டத் தமிழர்கள் என்பதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். மாணவர்களும் அசையாமல் கேட்பார்கள். இந்தப் பெருமை பொய் இல்லை. அதை இன்றும் கைவிடவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஜப்பானை ஒரு விடியல் போல நிறுத்தி வைத்திருந்தேன். வெள்ளைக்காரனை அடித்தவன் நம்மவன் என்ற கணக்கு. அந்தக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

1997 ஜனவரி 23 நேதாஜியின் நூற்றாண்டு. பக்கத்து ஊரில் கூட்டம் போட்டார்கள், நான்தான் சிறப்புப் பேச்சாளர். முந்தின நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, எழுதி வைத்ததை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன அப்பத்தா முறத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஜப்பானியப் படை ஆசியாவுக்கே கதவைத் திறந்துவிட்டது என்ற இடம் வந்தபோது கை நின்றது.

"யாரு ராசா, ஜப்பான்காரனையா சொல்ற?"

"ஆமா அப்பத்தா."

"ஒங்க ஐயாவக் கொண்டுபோனது அவந்தானப்பா. அதையும் சேத்துச் சொல்லு."

எனக்கு எரிச்சல் வந்தது. பேச்சு கைதட்டலை நோக்கி ஏறிக்கொண்டிருந்த இடம் அது. "சும்மா இரு அப்பத்தா. நேதாஜி கூடப் போனவங்க நாட்டுக்காகப் போனவங்க. ஐயா கூலிக்குப் போனவரு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத" என்றேன்.

"ஆமாப்பா, கூலிக்குத்தான் போனாரு" என்றாள். மறுபடி கடலை உரிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் சயாம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சில வருடங்களில் போய்ச் சேர்ந்தாள்.

தெரியாமல் சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ள எனக்கு இடமில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் பார்த்திருக்கிறேன். தலைப்பைப் படித்தேன், எதைப் பற்றியது என்றும் புரிந்தது. எடுத்துப் புரட்டவில்லை. புரட்டினால் என் பாடம் கலைந்துவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

காஞ்சனபுரிக்குப் போனதும் சின்ன ஐயாவைத் தேடி அல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பாங்காக் போனோம். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தைத் திருச்சியில் பார்த்தது எனக்கு மறக்காத நினைவு. அந்தப் பாலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தனியாக ரயிலேறினேன். போய் நின்றால் மரப்பாலம் இல்லை, இரும்புப் பாலம். ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பூட்டிய வளைவுகள். நடுவே இரண்டு கண்கள் மட்டும் சதுரமாக இருக்கின்றன. நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்ததைப் போருக்குப் பிறகு அப்படிச் சரிசெய்திருக்கிறார்கள். படத்தை எடுத்ததே இலங்கையில், கித்துல்கலவில். ஆற்றின் பெயரும் அது இல்லை. பாலம் நின்றது மே குளோங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் குவாய் ஆற்றைக் கேட்கிறார்கள் என்று 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். பாலத்தின் மேல் நடந்தபடி இளசுகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. வயது 22, 24, 21 என்று போய்க்கொண்டே இருந்தது. சில தகடுகளில் அம்மாவோ மனைவியோ எழுதிக் கொடுத்த ஒரு வரி. புல்லைச் சீராக வெட்டியிருந்தார்கள். கல்லுக்குக் கல் பூச்செடி. ஒரு தோட்டக்காரர் மண்டியிட்டு, ஒரு தகட்டில் படிந்திருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். 19 வயதுப் பையன் ஒருவனின் கல்லுக்கு முன்னால் நான் அழுதேன். என் பேரன் வயது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் சின்ன ஐயாவின் நினைப்பு வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். அந்த ஊருக்குள் கால் வைத்து, பாலத்தில் நடந்து, படம் எடுத்து, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையனுக்காக அழுது முடிக்கும் வரை, என் வீட்டு மனிதர் செத்த இடம் இது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எதிரிலேயே அந்த ரயில் பாதையைப் பற்றிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. உள்ளே போனேன். தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர். கடல் வழியே ரங்கூனுக்குச் சரக்கு அனுப்பினால் நேச நாட்டு நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அதனால் காட்டையும் மலையையும் வெட்டித் தரைவழி போட ஜப்பான் முடிவு செய்தது. போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் இந்த வேலைக்கு வந்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் படத்தில் பார்த்தது இவர்களை மட்டும்தான். பர்மியர், தமிழர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று ஆசியக் கூலிகள் 1,80,000க்கும் மேல். மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். செத்தவர் தொகை 90,000 என்பார்கள் சிலர், கூட்டியும் குறைத்தும் சொல்பவர்களும் உண்டு. எண்ணி வைக்க அங்கே ஒருவரும் இல்லை.

கைதிகள் செத்த விகிதத்தைவிடக் கூலிகள் செத்த விகிதம் ஏன் இத்தனை அதிகம் என்பதை அங்கே நின்றுதான் புரிந்துகொண்டேன். கைதிகள் ஒரு படையாகவே பிடிபட்டவர்கள். அவர்களுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, கக்கூஸை இத்தனை தூரம் தள்ளி வெட்ட வேண்டும் என்று கட்டளை போட ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போயிருக்கிறார்கள். 1943 மழைக்காலத்தில், வேகம் வேகம் என்று ஜப்பானியர் விரட்டிக்கொண்டிருந்த மாதங்களில், வாந்திபேதி கூடாரம் கூடாரமாகப் பரவியது. நோயாளிகள் உள்ளே கிடக்கும்போதே குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்று உயிரோடு திரும்பிய தமிழர்கள் சொல்லியிருக்கிறார்கள். கைதிகள் தங்கள் ஆட்களைப் புதைத்த இடங்களை ஒளித்து எழுதி வைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களில் ஒரு குழு பாதை நெடுகப் போய், 144 இடங்களில் 10,000க்கும் மேற்பட்ட புதைகுழிகளை அடையாளம் கண்டது. நான் அழுத கல் அப்படித்தான் அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. சின்ன ஐயாவைத் தேடி அப்படி எந்தக் குழுவும் போகவில்லை. தோட்டத்தில் அவர் பெயர் செக்ரோல் என்ற பதிவேட்டில் இருந்தது, ஒவ்வொரு விடியலிலும் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், கணக்கரான கிராணி அதைக் கூப்பிட்டார். ரயிலேறிய பிறகு அந்தப் பெயரை யாரும் எழுதவில்லை.

அங்கே ஒரு தேதிக்கு முன்னால் நின்றுவிட்டேன். இரண்டு பக்கமிருந்தும் வந்த தண்டவாளங்கள் சேர்ந்தது 1943 அக்டோபர் 17. அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அக்டோபர் 25இல் ரயில் பாதையின் திறப்பு விழா. நடுவில் உள்ள தேதியை நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! அதற்கு முன்னும் பின்னும் இருந்த தேதிகள் எனக்குத் தெரியாது. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குச் சோறும் குண்டும் போக வேண்டிய வழி அது. 1944இல் இம்பாலை நோக்கிப் புறப்பட்ட படை, நம் ஆட்களும் கூடவே நடந்த அந்தப் படை, அந்தத் தண்டவாளத்தை நம்பி இருந்தது. நாட்டுக்காகப் போனவர்கள் வேறு, கூலிக்குப் போனவர்கள் வேறு என்று சின்ன அப்பத்தாவுக்கு நான் பாடம் நடத்தினேனே, அவள் புருஷன் சுமந்து போட்ட கட்டையின் மேல்தான் என்னுடைய போர் பர்மாவுக்குள் போயிருக்கிறது. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்காரர் ரயில் ரோட்டுக்குப் போயிருப்பார், அடுத்த வீட்டுக்காரர் ராணுவத்துக்குப் போயிருப்பார்.

மறுநாள் மேற்கே போய் ஹெல்ஃபயர் பாஸ் என்ற வெட்டுப்பாதையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. ஒருவர் உளிக்கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்துத் துளை போட்டுத்தான் அதைப் பிளந்திருக்கிறார்கள். இரவில் மூங்கில் தீ மூட்டி அந்த வெளிச்சத்திலும் வேலை வாங்கியிருக்கிறார்கள். உடைந்துபோன ஒரு கம்பி இன்னும் பாறையில் குத்தியபடியே நிற்கிறது, துரு ஏறி, கட்டைவிரல் பருமனில். தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் வெடிப்புகளில் ஆஸ்திரேலியர்கள் குட்டிக் கொடிகளையும் சிவப்புக் காகிதப் பூக்களையும் செருகி வைத்திருந்தார்கள். அவர்களுடைய அரசு அந்த இடத்தில் ஒரு நினைவு மையம் கட்டி 1998இல் திறந்திருக்கிறது. ஆண்டுதோறும் தங்கள் நினைவு நாளான ஏப்ரல் 25இல் விடியும் முன் வந்து கூடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பொறாமைதான் வந்தது. செத்தவர்களை இப்படி விடாமல் தேடி வருகிற ஜனம்.

தமிழில் அங்கே எதுவும் இல்லையா என்றால், உண்டு. பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பான் ராணுவமே 1944இல் கட்டிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. செத்தவர்களுக்காகப் பல மொழிகளில் கல்வெட்டு, அதில் தமிழும் ஒன்று. கொன்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, யாரைக் கொன்றோம், அவர்கள் என்ன பேசினார்கள் என்று. விடுதலை பெற்ற நாட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு வரலாறு நடத்திய எனக்குத்தான் தெரியவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது கோபம் வந்தது. முதலில் ஜப்பான் மேல், பிறகு பிரிட்டிஷ்காரன் மேல். தன் தோட்டத்துக்கு ஆள் வேண்டியபோது கப்பல் கப்பலாகக் கூட்டிப் போனவன், தன் சிப்பாயைத் தேடிய அக்கறையில் ஒரு பங்கைக்கூடக் கூலிகளுக்குக் காட்டவில்லை. கடைசியில் கோபம் என் மேல் வந்து நின்றது.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டி வாட் தாவோன் வராராம் என்று ஒரு புத்தர் கோயில். அதன் வளாகத்தில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த சமாதி இருக்கிறது. 2023இல் மலேசியத் தமிழர்கள் முயன்று அங்கே ஒரு நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள். நான் போன நேரத்தில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் சயாமுக்குப் போனவர்களாம். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, அந்த வீட்டுப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். போனவர்களின் பெயர்களை வாரிசுகளிடம் கேட்டு எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"ஒங்களுக்கு யாருங்கய்யா?"

"எங்க சின்ன அப்பத்தா வீட்டுக்காரர்."

பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன்.

"எந்த எஸ்டேட்டுங்க?"

எனக்குத் தெரியவில்லை. சின்ன அப்பத்தாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். அக்பரின் அமைச்சர்களை வரிசையாகச் சொல்வேன். அவள் புருஷனோடு வாழ்ந்த தோட்டத்தின் பெயரை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. 1997இல் அந்தச் சாயங்காலம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டிருந்தால் தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், கூடப் போனவர்களின் பெயர், யார் திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்று எல்லாமே கிடைத்திருக்கும். அவள்தானே சொல்ல வந்தாள். அந்தப் பெரியவர் கட்டாயப்படுத்தவில்லை. விசாரிச்சு அனுப்புங்க ஐயா என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அப்பத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சின்ன அப்பத்தாவின் தகரப் பெட்டியை எப்போதோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் தொண்ணூறைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறார். அவர் காதருகே போய்க் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "கோலான்னு வரும்" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஞாபகம் வரவில்லை. வரைபடத்தை விரித்தால் கோலா சிலாங்கூர், கோலா கங்சார், கோலா லிப்பிஸ், கோலா குபு என்று பாதி மலேயா கோலாவாக இருக்கிறது. ஒவ்வொன்றாக எழுதி ஈப்போக்காரருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்துப் பழைய தோட்டங்களின் பெயர்ப் பட்டியல் கிடைத்தால் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கிடைத்ததும் சித்தப்பாவிடம் ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்ட வேண்டும்.